டின்னருக்கு கொலை வச்சிருக்கற மகளுக்கு

குட்டி,

எட்டு பேர வீட்டுக்கு கூப்பிட்டு சாப்பாடும் போட்டு நடுவுல ஒரு கொலையும் வச்சு யார் பண்ணதுன்னு கண்டுபிடிக்க சொல்ற, ஐடியா சூப்பர்தான், ஆனா பொணமா நீயே நடிக்கறேன்னியே அது மட்டும் வேணாம்டி. செத்துட்டா நிம்மதியா அடுப்ப பாக்கலாம்னு லாஜிக் வேற, பெத்தவ காதுல விழற மாதிரியா பேசுவாங்க? யாரும் வர்றதுக்கு முன்னாடியே ஒரு பட முதலாளி செத்துட்டார்னு வச்சுக்கோ, சுவத்துல மாலை போட்ட படம் ஒண்ணு போதும். நீ இன்ஸ்பெக்டர் ஆயிடு. இன்ஸ்பெக்டர் உள்ள போனாலும் வெளிய வந்தாலும் எவன் கேக்க போறான்.

1944 மெட்ராஸ் சினிமா தீம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. பட்டு ஜிப்பா, பாகவதர் கிராப்பு எல்லாம் வரட்டும். ஆனா சினிமாக்காரங்கள பத்தி கிசுகிசு எழுதுன பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன கொன்ன கேஸ அப்படியே எடுக்காத. அந்த கேஸ்ல பாகவதரும் என்.எஸ்.கே.வும் ஜெயில்ல கிடந்து 1947ல விடுதலையானவங்க, பிரியாணி சாப்பிட்டுட்டு யாராச்சும் அவங்கள கைகாட்டுனா எனக்கே மனசு கேக்காது. காலத்த எடுத்துக்கோ, ஆளுங்கள நீயே உண்டாக்கு. ஒரு விஷயம் தெரியுமா, வேப்பேரில ரிக்‌ஷால போன லட்சுமிகாந்தன குத்துனது 1944 நவம்பர், அடுத்த மாசமே உங்க பர்மிங்ஹாம்ல ஆன்டனி பிராட்னு ஒருத்தர் க்ளூடோங்கற கொலைகாரன கண்டுபிடிக்கற போர்டு கேமுக்கு பேடன்ட் கேட்டு எழுதி போட்டிருக்கார். ஹோட்டல்ல பியானோ வாசிக்கறப்ப விருந்தாளிங்க இதே மாதிரி கொலை விளையாட்டு ஆடறத பாத்து வந்த யோசனையாம். போர் முடிஞ்ச தட்டுப்பாட்டுல 1949லதான் கடைக்கே வந்துச்சு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வா. தோசை வேண்டவே வேணாம், கல்லு முன்னாடி நின்னா இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணும் தெரியாம போயிடும். முதல்ல கப்புல தக்காளி ரசம், அது முடிஞ்சதும் முதல் துப்பு, அப்புறம் பிரியாணி, எல்லாரும் கை கழுவினதும் அடுத்த துப்பு, பாயசத்தோட குத்தவாளி. கையால சாப்பிடறப்ப பேப்பர குடுத்துடாத, நெய்யும் மசாலாவும் பட்டு முக்கியமான வரியே மஞ்சளா ஊறி போயிடும்.

அப்புறம் ஆளுக்கொரு கவர்ல யார் என்ன வேஷம், என்ன ரகசியம்னு எழுதி ஒரு வாரம் முன்னாடியே குடுத்துடு, எல்லா கவர்லயும் ஒரே அளவு பக்கம் இருக்கட்டும், கொலைகாரன் கவர் மட்டும் தடியா இருந்தா ரசத்துக்கு முன்னாடியே கதை முடிஞ்சிடும். பொய் சொல்ற உரிமை கொலைகாரனுக்கு மட்டும்தான், மத்தவங்க கேட்டா உண்மைய சொல்லியே ஆகணும்னு ரூல் போடு, இல்லன்னா ஆளாளுக்கு அடிச்சு விடுவாங்க. உன் ஆபீஸ்ல வாயே திறக்காத பையன்னு சொல்லுவியே, அவன கொலைகாரனா போடாத, பாவம், ரெண்டு கேள்விலயே வேர்த்துடும். ஸ்டுடியோ வாட்ச்மேனா போடு, எல்லாத்தையும் பாத்தவன் அவன்தான், ஒவ்வொருத்தரா அவன்கிட்டதான் வந்து நிக்கணும், தானா பேசிடுவான்.

அப்பா பழைய டை ஒண்ணு கூரியர்ல போடறேங்கறார். யாருடி கொலைகாரன்? எனக்கு மட்டும் சொல்லு, அவர்கிட்ட மூச்சு விட மாட்டேன்.

அம்மா