மாத்திரை வீட்டுக்கு வருகிறது, சோறு?

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

ஆனாலும் ஊர் சுற்றுவதை விடவில்லை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை செய்யும் பக்கத்துத் தெருப் பெண்ணோடு வாரம் இரண்டு நாள் போகிறேன். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். நாம் செவிலியர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிரசவமும் தடுப்பூசியும்தான் நமக்கு உலகம். இப்போது திண்ணையிலேயே பி.பி. பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். பஸ் ஏற முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் ஒன்று நடந்தது. தனியாக இருக்கும் ஒரு பாட்டி காலையில் வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. குத்திப் பார்த்தால் சர்க்கரை 48தான், ரொம்பக் குறைவு. வெல்லத் தண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்; சாப்பிடாமல் போட்டால் அது சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடும். முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் இல்லை. ஆனால் மாத்திரையைத் தவறவிடவில்லை! "நீங்கதானே தவறாமப் போடச் சொன்னீங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று சொன்னோமே தவிர, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் செவிலியராக இருந்த நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, கமலா.

முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு உண்டு. 1983லேயே வந்த ஏற்பாடு. பாட்டிக்கும் தெரியும். அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் நிறுத்திவிட்டார். எங்களுக்கு அவருடைய சர்க்கரை அளவு தெரியும், மையத்து ஆயாவுக்கு அவர் வருவதில்லை என்று தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993ல் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை நினைவுக்கு வந்தது. வலிக்கு மார்பின் கொடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் நோயாளி வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்றும் பார்த்தார்கள். அடுப்பு எரிகிறதா என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தானே முதலில் தெரியும்?

சரி, இங்கே என்ன செய்தோம் தெரியுமா? டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையை மாற்றினோம். எதிர்வீட்டுப் பையன் மதியம் தூக்கில் சாப்பாடு வாங்கிவந்து கொடுக்கிறான். அந்தப் பெண்ணும் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பி.பி. கருவியை எடுப்பதற்கு முன்னால் "என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் கோடை விடுமுறைக்கும்தான் இன்னும் வழி தெரியவில்லை. உங்கள் ஊர் மகளிர் குழுவில் ஏதோ முறைவைத்துச் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்று முன்பு சொன்னாயே, அதை எப்படி நடத்துகிறார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
சரோஜா