அரபி எழுத்தைப் பிய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணப் பத்திரிகை, பள்ளிவாசல் ஃப்ளெக்ஸ், ஹஜ் நோட்டீஸ் என்று பலவற்றிலும் அரபி எழுத்துகள் பிய்ந்துபோய், வரிசையும் தலைகீழாக அச்சாகி வருவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அரபியில் பெரும்பாலான எழுத்துகளுக்குச் சொல்லின் முதலில், நடுவில், கடைசியில், தனியாக என்று நான்கு வடிவங்கள் உண்டு. 'பிஸ்மி' என்ற சொல்லின் பா, சீன், மீம் ஆகிய மூன்று எழுத்துகளும் வலமிருந்து இடமாக ஒரே ஓட்டமாகச் சேர வேண்டும். சாஃப்ட்வேர் செட்டிங் சரியில்லை என்றால் மூன்றும் தனித்தனியாக நிற்கும், மீம் வலது ஓரத்துக்குப் போய்விடும்.

எங்கள் ஊர் அச்சகத்தில் கேட்டால் "ஃபான்ட் சரியில்லை பாய்" என்கிறார்கள். பெரும்பாலும் ஃபான்ட் காரணமே இல்லை. பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான இன்டிசைனில், பத்தி மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து வரிகளை அமைக்கும் வசதி) தேர்ந்தெடுத்து, பத்தியின் திசையை வலமிருந்து இடமாக மாற்றினால் போதும். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாஃப்ட்வேர் இருக்கிறது, இலவசம், எழுத்துகளைத் தானாகவே சேர்த்துவிடும். இன்னொன்று, தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதையும் இதே கம்போசர்தான் சரிசெய்கிறது, அதனால் எல்லா அச்சகத்துக்கும் இது பயன்படும்.

அப்புறம், அச்சுக்கான பிளேட் போடும் முன் அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் புரூஃபைக் காட்டுங்கள். எழுத்துகளைக் கர்வ்ஸ் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிவிட்டால் பிறகு டைப் செய்து திருத்த முடியாது.

– ஒரு வாசகர், மேலப்பாளையம்