அந்த நடை

அன்புள்ள அலெக் கின்னஸ் ஐயாவுக்கு,

நீங்கள் மறைந்து கால் நூற்றாண்டு ஆகிறது. உலகம் இன்னும் உங்களை 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நீங்கள் நடித்த ஓபி-வான் கெனோபி என்றே கூப்பிடுகிறது. உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும், விடுங்கள். நான் எழுத வந்தது ஒரு நடையைப் பற்றி.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில், தகரக் கொட்டிலில் வெயிலில் வெந்து கிடந்த போர்க்கைதி கர்னல் நிக்கல்சனை, அதாவது உங்களை, ஜப்பானிய அதிகாரி சைட்டோவிடம் நடத்திக் கூட்டிப் போவார்கள். கால் பேச்சைக் கேட்காது. ஆனால் முதுகு வளையாது. 1957ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரை அந்தச் சில அடிகளுக்கே கொடுத்திருக்கலாம்.

பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லாத பிள்ளை நீங்கள். விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தீர்கள். 1934இல் நாடக நடிகர் ஜான் கில்குட் தன் 'ஹாம்லெட்'டில் சின்ன வேடம் தந்தார். நான்கே வருடத்தில் லண்டன் ஓல்டு விக் நாடக மேடையில் நீங்களே ஹாம்லெட். போரில் கடற்படை. 1949இல் ஒரே படத்தில் எட்டு வேடம், அதில் ஒன்று பெண். இத்தனை முகம் போட்டவர், 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் சாயம் பூசிக்கொண்டு இந்தியப் பேராசிரியர் கோட்போலேயாக வந்ததை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.

நிக்கல்சனின் நடையை எங்கே எடுத்தீர்கள் என்று பிறகுதான் படித்தேன். போலியோவில் விழுந்த உங்கள் மகன் மெத்யூ, தேறி வரும்போது தள்ளாடி நடந்த நடை அது. வீட்டுக்குள் பார்த்ததை, படப்பிடிப்பு நடந்த சிலோனுக்குக் கொண்டுபோய், கித்துல்கலவில் களனி ஆற்றங்கரையில் நடந்து காட்டியிருக்கிறீர்கள்.

நான் மலேசியத் தோட்டத்தில் பிறந்தவன். உங்கள் படத்துப் பாலம், போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கானது. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் செத்தார்கள். பிடித்துக்கொண்டு போன ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. அதில் எங்கள் தமிழர்கள் ஏராளம். உங்கள் படத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அது உங்கள் குற்றமில்லை, கதையே அப்படி.

சயாம் போய்த் திரும்பிய பெரியப்பா ஒருவர் எங்கள் லயத்தில் இருந்தார். டிவியில் இந்தப் படம் ஓடியபோது வாசலில் நின்றபடி பார்த்தார். ஆங்கிலம் தெரியாது. நீங்கள் கொட்டிலிலிருந்து நடந்து வந்ததும் சொன்னார்: "கால்ல புண்ணு வந்தவன் இப்படித்தான்டா நடப்பான். இந்த வெள்ளைக்காரன் அங்க இருந்திருக்கான்."

நான் மறுத்துச் சொல்லவில்லை.

அன்புடன்,
ஒரு ரசிகன்