வாடகை பதினாறாயிரம், வெயில் தனி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் வாடகை ஏறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு எந்த ஏரியாவில் எவ்வளவு என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். எங்கள் மடிப்பாக்கமும் அதில் இருந்தது. தொகை கிட்டத்தட்ட சரிதான். ஆனால் அது டூ-லெட் போர்டு பார்த்து போன் செய்தால் சொல்லும் தொகை. குடிபோன பிறகு கையை விட்டுப் போகும் தொகை வேறு. இரண்டு கோடையைக் கழித்தவள் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

ஆறு வீடுகள் உள்ள அபார்ட்மென்ட், லிஃப்ட் கிடையாது. முதல் மாடியிலும் மூன்றாவது மாடியிலும் ஒரே நேரத்தில் வீடு காலியாக இருந்தது. இரண்டும் ஒரே அளவு. முதல் மாடி பதினேழாயிரம், மேல் மாடி பதினாறாயிரம். "மேல் மாடிம்மா, காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்றார் ஹவுஸ் ஓனர். நாங்கள் பார்க்கப் போனது தை மாதம். காற்றும் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மேல் மாடியைப் பிடித்தோம்.

அட்வான்ஸ் பத்து மாதம். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் சரி என்று அதிலேயே ஒரு சந்தும் விட்டிருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் சென்னையே குடிபோகிறது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் கொடுத்தோம். பேங்கில் ஆறு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் மாதம் எண்ணூறு ரூபாய் வட்டி வந்திருக்கும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, மெயின்டனன்ஸ் மாதம் இரண்டாயிரம். இதெல்லாம் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான்.

தெரியாத கதை சித்திரையில் ஆரம்பித்தது. மேல் மாடி வீட்டுக்குக் கூரை என்பது வெறும் கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது ராத்திரிதான் இறக்கும். பதினோரு மணிக்கு ஃபேனைப் போட்டால் அடுப்படியிலிருந்து விசிறுவது போல இருக்கும். மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார முடியாது. டேங்க் மொட்டை மாடியில், கறுப்பு சின்டெக்ஸ். பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் டீத்தூள் போடலாம். குளியல் காலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும். தவறினால் ராத்திரியே பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர்தான். கோடையில் போர் தண்ணீர் உப்பேறிவிடும், பிறகு அதுவும் இறங்கிவிடும். லாரித் தண்ணீருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு, குடிக்கத் தனியாகக் கேன். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் என்பதால் யாரும் முணுமுணுப்பதுகூட இல்லை.

முதல் கோடையிலேயே மாமியாருக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. செகண்ட் ஹேண்டில் ஒன்றரை டன் ஏசி வாங்கினோம். சுவரில் ஓட்டை போட, காப்பர் பைப், ஸ்டெபிலைசர், மாட்டுக்கூலி என்று அதற்குத் தனிச் செலவு. ராத்திரி மட்டும்தான் போடுவது என்று வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டோம். அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் பகலிலும் ஓடியது.

இனி கரண்ட் பில். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் நூறு யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு கட்டணப் படிக்கட்டு, 500-ஐத் தாண்டினால் முழுக் கணக்கும் வேறு படிக்கட்டுக்கு மாறிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்குத் தந்த சலுகை பறிபோவதால் வரும் வித்தியாசம் இது. 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

எங்கள் மார்கழிக் கணக்கு 240 யூனிட், நானூற்றுச் சொச்சம் ரூபாய். கோடைக் கணக்கு 810 யூனிட், ஐயாயிரத்தை ஒட்டி வந்தது. முதல் மாடி அக்கா வீட்டிலும் ஏசி உண்டு, எங்களைப் போலவே நான்கு பேர். அவர்களுக்கு 490 யூனிட், 1,800-க்குள் முடிந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேல் வெயில், அவர்கள் தலைக்கு மேல் இன்னொரு வீடு. வேறு வித்தியாசம் இல்லை. வாடகையில் இரண்டு மாதத்துக்கு இரண்டாயிரம் மிச்சம் பிடித்து, கரண்டில் மூவாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டினோம்.

மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லி ஓனரிடம் கேட்டேன். "மொட்டை மாடி எல்லாருக்கும் பொதும்மா, அசோசியேஷன்ல கேளுங்க" என்றார். அங்கே கேட்டால், மற்ற ஐந்து வீட்டுக்கும் அதனால் என்ன லாபம் என்றார்கள். தவிர, குடித்தனக்காரர்களுக்குக் கூட்டத்தில் பேச உரிமை இல்லையாம். தளம் எல்லாருடையது, முடிவு அசோசியேஷனுடையது, பில் எங்களுடையது. கடைசியில் நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து, எங்கள் வீட்டுக்கு மேலுள்ள பகுதியில் மட்டும் இரண்டு பூச்சு பூசினோம். அன்று ராத்திரி ஃபேன் காற்றில் வித்தியாசம் தெரிந்தது. ஐப்பசி மழையில் பாதி கரைந்து போனது.

இப்போது வீட்டைக் காலி செய்கிறோம். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையும், ஏசி ஓட்டையை அடைக்க இரண்டாயிரமும் அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக ஓனர் சொல்லிவிட்டார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாடகைப் பட்டியல் போடும்போது மேல் மாடியா, நடு மாடியா, மேற்குப் பார்த்த சுவரா என்பதையும் கேட்டு, கோடை பில்லையும் பக்கத்தில் ஒரு கட்டத்தில் போடுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போதே அந்தப் பில்லையும் இணைக்க வேண்டும் என்று அரசு சொன்னால் இன்னும் நல்லது.

நான் இப்போது போர்டு பார்த்து போன் செய்யும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "போன ஏப்ரல், மே ஈபி ரசீது இருக்குங்களா?" என்றுதான் கேட்கிறேன். இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். ஒருவர், "நீங்க குடிவர்றீங்களா, ஆடிட் பண்ண வர்றீங்களா?" என்றார். கீழ்க்கட்டளையில் ஒரு பெரியம்மா மட்டும் பத்து நிமிடத்தில் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். 430 யூனிட். ஆடி முடியட்டும் என்று காத்திருக்கிறோம். ஆவணி பிறந்ததும் அங்கே பால் காய்ச்சுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை – 91.