தப்பு செய்யாதவரை வேலையை விட்டு நிறுத்துவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர் வாசகர் ஒருவர் சென்ற வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். ஆளை வேலைக்கு வைத்துவிட்டால் அப்புறம் நிறுத்தவே முடியாதாம். கையும் களவுமாகத் திருடிப் பிடிபட்டால்தான் உண்டாம். நான் கோவையில் ஒரு நூற்பாலையில் 31 வருடம் இருந்தவன். டைம் ஆபீசில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதத் தொடங்கி, பர்சனல் ஆபீசராக ஓய்வு பெற்றேன். நிறுத்தல் கடிதங்களை நானே டைப் அடித்திருக்கிறேன். அவற்றில் சில லேபர் கோர்ட்டில் செல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். அவருக்கு நான் சொல்ல நினைப்பது, நிறுத்தலாம் என்பதுதான். திருடாதவரையும் நிறுத்தலாம். ஆனால் அவரைத் திருடர் கணக்கில் சேர்த்து நிறுத்தப் போனால் மாட்டிக்கொள்வோம். நாங்கள் மாட்டியது அப்படித்தான்.

அடிதடி, திருட்டு, குடித்துவிட்டு ஷிப்டுக்கு வருவது என்றால் வழி எல்லோருக்கும் தெரியும். சார்ஜ் ஷீட், பதில், உள்விசாரணை, ஏன் நீக்கக்கூடாது என்று கேட்கும் ஷோ காஸ், ஆர்டர். ஆட்குறைப்புக்கும் வழி உண்டு. இரண்டிலும் சேராத ஆட்கள் வரும்போதுதான் நிர்வாகத்துக்குக் கை ஓடாது.

1996இல் எங்கள் லாரி டிரைவர் ஒருவருக்குச் சர்க்கரை நோயில் கண் மங்கிவிட்டது. 17 வருட சர்வீஸ். கண் பரிசோதனையில் தேறாததால் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. லைசென்ஸ் இல்லாதவரிடம் லாரியைக் கொடுத்தால் அதுவே குற்றம். ஆக, டிரைவராக அவரை வைத்திருக்க முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "போன மாசம் கேட் தூண்ல வண்டியை உரசினான்ல, அதை வெச்சு அலட்சியம்னு ஒரு சார்ஜ் ஷீட் போட்டுடு" என்றார். எனக்குக் கை வரவில்லை. நல்லவேளையாக, ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருந்தது. அங்கேயும் கண் பார்வை குறைந்த டிரைவர்கள்தான். இப்படி நிறுத்துவது நீடித்த உடல்நலக் குறைவின் கீழ் வரும், ஆட்குறைப்பு ஆகாது என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனால் வண்டி ஓட்டி ஓட்டியே கண் கெட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பாதே, முதலில் வேறு வேலை கொடு, அது முடியாவிட்டால் சர்வீஸுக்குத் தக்க கூடுதல் தொகை கொடு என்றது. எங்கள் ஆளை எடை மேடையில் உட்கார வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எண்ணைப் படிக்கக் கண் வேண்டுமே என்று அவரே சிரித்தார். கடைசியில் பஞ்சு குடோன் வாசலில் போட்டோம்.

இன்னொன்றில் நான் அவ்வளவு யோக்கியனாக இல்லை. 1988. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடர் ஒருவர், 14 வருடம் வேலை பார்த்தவர். பத்து நாள் லீவு போட்டுப் போனவர் திரும்பவில்லை. லீவு முடிந்து 8 நாளைக்குள் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் வேலை உரிமை போய்விடும் என்று மில்லின் வேலை விதிகளான ஸ்டேண்டிங் ஆர்டரில் இருந்தது. வீட்டு முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. பெயரை அடித்துவிட்டேன். அவரோ பெருந்துறை சானடோரியத்தில் டிபியோடு படுத்திருந்தார். மருத்துவச் சான்றிதழ்கள் தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயின் கிளை அலுவலகத்துக்குப் போய், நோய்க்காலப் பணமும் வந்துகொண்டிருந்தது. எங்கள் மேசைக்கு எதுவும் வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு சைக்கிளில் ஆள் அனுப்பி அவருடைய மச்சானை விசாரித்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஈஎஸ்ஐயில் நோய்க்காலப் பணம் வாங்கும் நாட்களில் ஒருவரை நீக்கவே கூடாது என்று அன்றைய ஈஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. அதை நான் வழக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே 1993இல் டி.கே. யாதவ் வழக்கின் தீர்ப்பு வந்தது. அதிலும் இதே 8 நாள் விதிதான். ஸ்டேண்டிங் ஆர்டரில் என்ன எழுதியிருந்தாலும், ஏன் வரவில்லை என்று ஆளைக் கேட்காமல் பெயரை அடிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆளுக்கு மறுபடியும் வேலை, பாதிச் சம்பள பாக்கி என்று உத்தரவு. எங்கள் வக்கீலே அந்தத் தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்து வந்து, "சார், இனி இதை இழுக்காதீங்க" என்றார். நிர்வாகம் கேட்கவில்லை. 1995இல் எங்களுக்கும் லேபர் கோர்ட்டிலிருந்து அதே மாதிரி அவார்டு, அதாவது தீர்ப்பு, வந்தது. ஏழு வருடத்துக்குப் பாதிச் சம்பளம் என்றால் 42 மாதச் சம்பளம். அன்றைய சட்டப்படி ஆட்குறைப்புத் தொகையே கொடுத்து அனுப்பியிருந்தாலும் வருடத்துக்கு 15 நாள் வீதம் 210 நாள், நோட்டீசுக்கு ஒரு மாதம், எல்லாம் சேர்த்து எட்டு மாதம்தான் வந்திருக்கும். அவர் டூட்டியில் சேர்ந்த அன்று புதுச் சட்டை போட்டு வந்தார். மஸ்டர் ரோலில் அவர் பெயரை நான்தான் மறுபடி எழுதினேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டக் காலத்துக் கதை. இப்போது அந்த இடத்துக்கு 2020ஆம் வருடத் தொழில் உறவுத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒரு மாத நோட்டீசும் வருடத்துக்கு 15 நாள் கணக்கும் அதிலும் இருக்கின்றன.

மில்லை விடுங்கள், கடைக்கு வருகிறேன். திருப்பூர் வாசகரின் கவலை அதுதான் என்று நினைக்கிறேன். என் அக்கா மகன் காந்திபுரம் பக்கம் பம்ப்செட், மோட்டார் விற்கிறான். 11 பேர் வேலை பார்க்கிறார்கள். ஆறு வருடமாக பில்லிங் பார்க்கும் பெண்ணின் கணவர் இந்த வருடம் கணபதியில் அதே சரக்கில் கடை போட்டுவிட்டார். "கம்பெனி நமக்குத் தர்ற டிஸ்கவுண்ட் எல்லாம் அந்தப் பொண்ணுக்குத் தெரியுமுங்க மாமா. நாளைக்கே நிறுத்தியாகணும்" என்று வந்து நின்றான். ரேட் வெளியே போனதற்கு ஏதாவது சாட்சி இருக்கிறதா என்றேன். இல்லை. "கேஷ்ல குறையுதுன்னு எழுதிரலாமுங்களா?" என்று கேட்டானே பார்க்கலாம்! நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கடைகளுக்கு 1947ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நிறுத்த நியாயமான காரணம் வேண்டும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் சம்பளமோ வேண்டும். தப்பு செய்தார் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதென்றால் விசாரணை நடத்திச் சாட்சியைப் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளர் துறையில் மேல்முறையீடும் உண்டு. நம்பிக்கை போய்விட்டது என்று ஒரு வரி எழுதித் தப்பிக்கலாமா என்றால் அதுவும் நடக்காது. அது ஒருவர் மேல் பூசும் கறை, விசாரிக்காமல் பூசக்கூடாது என்று பான் அமெரிக்கன் விமான நிறுவன ஊழியர் வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போட்டிக் கடைக்காரரின் மனைவி கையில் கொள்முதல் ரேட் இருப்பது நியாயமான கவலைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்தப் பெண்ணின் தப்பும் அல்ல. உள்ளதை உள்ளபடி எழுது என்றேன். கணவர் கடை போட்டிருக்கிறார், உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை, ரேட் ஃபைல் உங்களிடம் இருப்பது கடைக்குச் சங்கடமாக இருக்கிறது, இதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு வாரத்தில் எழுத்தில் சொல்லுங்கள். இவ்வளவுதான் கடிதம். அவர் ஒத்துவராவிட்டால், வேறு இடமும் கடையில் இல்லாவிட்டால், அதே காரணத்தைச் சொல்லி ஒரு மாத நோட்டீஸ், ஆறு வருடத்துக்குரிய கணக்கு, நல்ல சர்டிபிகேட் கொடுத்து அனுப்பலாம். அப்போதும் அவர் மேல்முறையீடு போகலாம். ஆனால் அங்கே இவன் சொல்வதற்கு ஒரு உண்மையான காரணம் கையில் இருக்கும்.

மூன்றாம் நாளே பதில் வந்தது. சர்வீஸ் கவுண்டருக்கு மாற்றிவிடுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். ஒரு வரியைத் தனியாக அடிக்கோடிட்டிருந்தார். அவர் கணவரின் கடைக்குச் சரக்கு போடும் ஏஜென்டே இவனுக்குக் கிடைப்பதைவிட மூன்று சதவீதம் கூடுதல் டிஸ்கவுண்ட் தருகிறாராம்! அக்கா மகன் இப்போது அந்த ஏஜென்டைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் பர்சனல் ஆபீசர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்