என் அக்கா மகனைத் திருடன் ஆக்கிய ஃபிரிட்ஜ்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் தினமும் உருகி மறுபடி உறைவது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீங்கள் சாதிப்பது

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

வணக்கம். இந்தக் கடிதத்தை யார் பிரித்தாலும் தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள். இதுவரை நான் அனுப்பிய 4 மின்னஞ்சலுக்கும் "உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான்கும் நான் அனுப்பிய அதே நிமிடத்தில் வந்தன. எழுதியது மனிதர் இல்லை என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. 11 முறை போன் செய்தேன். 3 முறை உங்கள் ஆட்கள் வந்தார்கள். ஒரு முறை நானே உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். அந்தப் பயணத்தை அப்புறம் சொல்கிறேன், இப்போதே ஆரம்பித்தால் மரியாதையாக எழுத வராது.

மாடல், வாங்கிய தேதி எல்லாம் புகார் எண்ணைத் தட்டினால் வந்துவிடும். உங்கள் பொருளை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. வாரண்டி முடிய இன்னும் 5 மாதம் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இந்தப் புகார் புரியாது. நான் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். எனக்கு இரண்டே ஆசைகள். ஒன்று, சாப்பாடு. இன்னொன்று, யாருக்கும் புரியாத விஷயத்தை நோண்டிப் பார்ப்பது. காணாமல் போன சைக்கிள், கையெழுத்தில்லாமல் வந்த மொட்டைக் கடிதம், யார் வீட்டு நாய் யார் செருப்பைத் தூக்கிப்போனது என்பது வரை அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் வருவார்கள். கடற்கரை உணவகம் ஒன்றில் விலை கூடின மீனின் பெயரைச் சொல்லி மலிவான மீனைப் பொரித்துக் கொடுத்தபோது, சதை எப்படிப் பிரிகிறது என்று விரலால் ஒரு தடவை பிய்த்துப் பார்த்தே சொல்லிவிட்டேன். போலீஸ் வேலை இல்லை, ஒரு பொழுதுபோக்கு. ஆனால் இதில் நான் இதுவரை ஒரே ஒரு தடவைதான் தவறான ஆளைப் பிடித்திருக்கிறேன். அதற்குக் காரணம் உங்கள் ஃபிரிட்ஜ்.

என் அக்கா மகன் பரீட்சைக்குப் படிக்க என் வீட்டில் வந்து தங்கியிருந்தான். அந்த வாரத்தில்தான் ஐஸ்கிரீம் டப்பாவின் மேல்பரப்பு தினமும் காலையில் வேறு மாதிரி இருக்க ஆரம்பித்தது. நான் கரண்டியால் விட்ட கோடு காணாமல் போய், சமமாக வழித்தது போலக் கிடந்தது. அளவும் குறைந்த மாதிரி இருந்தது. (உருகும்போது உள்ளே இருக்கும் காற்று போய்விடும், அதனால் ஐஸ்கிரீம் கீழே இறங்கும். இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.) ஃப்ரீசர் கதவில் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்தேன். காலையில் அது விழுந்து கிடந்தது. கைப்பிடியில் பவுடர் தூவினேன். அதிலும் அவன் விரல்தான். தண்ணீர் எடுக்க அவன் கீழ்க்கதவைத் திறந்திருப்பான் என்று யோசிக்காமல், சாப்பாட்டு மேசையில் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன். "ஏன் சித்தி, ஐஸ்கிரீமுக்குப் போய் நான் திருடுவேனா?" என்றான். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இன்று வரை என்னிடம் பேசவில்லை, அக்காவும் பேசவில்லை. ஒரு குடும்பமே உடைந்துபோனது. இதற்கு உங்கள் வாரண்டி அட்டையில் எந்த வரியில் இழப்பீடு இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவன் போன பிறகும் ஐஸ்கிரீம் தானாக வழித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயத்தை வைத்தேன். உருகாமல் இருந்தால் நாணயம் மேலேயே இருக்க வேண்டும். மறுநாள் நாணயம் பனிக்கட்டிக்குள் ஒரு விரற்கடை புதைந்திருந்தது, அதற்கு மேல் புதுப் பனி மூடியிருந்தது. மூன்றாம் நாள் இன்னும் கீழே. ஃபிரான்ஸின் லியோன் நகரில் 1910-ல் குற்றவியல் ஆய்வகம் தொடங்கிய எட்மோன் லொக்கார் சொன்னதைச் சுருக்கினால், எது எதைத் தொட்டாலும் அங்கே ஒரு தடயம் மிஞ்சும். திருடன் கைரேகையை விட்டுப் போவான். உங்கள் ஃபிரிட்ஜ் நாணயத்தை முழுங்கிவிட்டுப் போகிறது.

அப்புறம் இரண்டு வெப்பமானி வாங்கி, 6 நாள் இரவு பகலாக அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதினேன். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் ஒழுங்காக இருக்கும். 12, 13 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்தில் பூஜ்யத்தைத் தாண்டி 6 டிகிரி வரை போகும். பிறகு மெல்ல இறங்கி மறுபடி மைனஸ் 18. பின்சுவரில் கை வைத்தால் அந்த நேரத்தில் சூடாக இருக்கிறது. பின்னால் இருக்கும் குளிர்க்குழாயில் படியும் பனியை உருக்க நீங்களே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறீர்கள். பனி உருகியதும் அதை நிறுத்தச் சொல்ல ஒரு சென்சாரும் வைத்திருக்கிறீர்கள். ஹீட்டர் எரிகிறது, நிறுத்தச் சொல்ல வேண்டிய சென்சார் தூங்குகிறது. நான் இஞ்சினியர் இல்லை. ஆனால் செய்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

உங்கள் முதல் டெக்னீஷியன் காலை 11 மணிக்கு வந்தார். மைனஸ் 18 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்று கதவு ரப்பரை மாற்றிவிட்டுப் போனார். கதவில் தாளை வைத்து இழுத்துப் பார்த்திருந்தாலே ரப்பர் இறுக்கமாக இருப்பது தெரிந்திருக்கும், நான் பார்த்தேன். இரண்டாமவர் வோல்டேஜ் என்றார். மூன்றாமவர் கடற்காற்று என்றார். உப்புக்காற்றில் பின்பக்கத் தகடு அரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்புக்காற்று கடிகாரம் பார்த்து 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வருமா? கடலோர ஊரில் ஃபிரிட்ஜ் விற்கும்போது கடல் இருப்பது உங்களுக்குத் தெரியாதா?

திருடன் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டைச் சோதனை போடுவது போல, எப்போதும் அது சரியாக இருக்கும் நேரத்தில்தான் வருகிறார்கள். அதற்காகவே ரயில் நேரம் மாதிரி ஒரு அட்டவணை போட்டு, எந்த நாள் எத்தனை மணிக்கு உருகும் என்று எழுதி அனுப்பினேன். வியாழன் மதியம் 1.20-க்கு வாருங்கள் என்றேன். மூன்றாமவர் 4 மணிக்கு வந்தார். அவர் படியேறும்போதே என் போனுக்கு "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, 5 நட்சத்திரம் தருவீர்களா?" என்று செய்தி வந்துவிட்டது.

இதைப் பற்றிக் கேட்கத்தான் போன் செய்தேன். அன்று எடுத்த அந்தத் தம்பியை என்னால் மறக்கவே முடியாது. பெயர் எழுதவில்லை, பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். நான் நோட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க அவர் சிரித்தார். "அம்மா, துப்பறியிற வேலையெல்லாம் எங்ககிட்ட காட்டாதீங்க" என்றார். சரி, பொறுத்துக்கொண்டேன். மீன் கெட்டுப்போனது என்றேன். அதற்கு அவர் சொன்னது: "கடல் பக்கத்துலதானே இருக்கீங்க? டெய்லி புதுசா வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே, ஏன் மீனை ஃப்ரீசர்ல வைக்கிறீங்க?"

ஐயா, ஃப்ரீசர் விற்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதைக் கேட்கிறார். கடல் கொந்தளித்தால் படகு போகாது என்பதும், பிடித்த அன்றே உறைய வைத்த மீன் மூன்று நாள் ஐஸில் கிடந்த 'புது' மீனைவிட நன்றாக இருக்கும் என்பதும் அவருக்கு யார் சொல்வார்கள்? கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், கனடாவின் லாப்ரடார் பகுதியில் கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன் மாதக்கணக்கில் சுவை மாறாமல் இருப்பதைப் பார்த்துத்தான் 1920-களில் உறைந்த உணவுத் தொழிலையே வளர்த்தார். வேகமாக உறைந்தால் சின்னச் சின்னப் பனித்துகள். மெதுவாக உறைந்தால் பெரிய துகள், அது சதையைக் கிழித்துவிடும், அப்புறம் தண்ணீர்தான் வடியும். உங்கள் ஃப்ரீசரில் இருந்து எடுத்த மீன் தட்டில் ஒரு குளமே கட்டுகிறது. தினமும் இரண்டு தடவை உருக்கி உருக்கி உறைய வைத்தால் வேறென்ன மிஞ்சும்? வாயில் வைத்தால் நனைந்த பஞ்சு.

சுவை போனதோடு விட்டதா? சூரை மீன் ஒரு துண்டு வறுத்துச் சாப்பிட்டேன். அரை மணியில் முகம் சிவந்து, தலை வலித்து, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. டாக்டர், இது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலை என்றார். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் வெதுவெதுப்பில் கிடந்தால் உள்ளே அது உண்டாகும், உண்டான பிறகு வேக வைத்தாலும் வறுத்தாலும் போகாது. அந்த மீன் வாங்கிய அன்று நன்றாக இருந்ததற்கு நானே சாட்சி, அன்றும் அதே மீனில் ஒரு துண்டு சாப்பிட்டேன். ஏறக்குறைய செத்துப் பிழைத்தேன் என்று எழுதினால் மிகை என்பீர்கள். எழுதுகிறேன், செத்துப் பிழைத்தேன்.

பக்கத்துத் தெருப் பூனைகள் விஷயமும் உண்டு. வரிசையாக நான்கு பூனைகள் நோயில் விழுந்தன. அவை தின்று மிச்சம் வைத்த மீன்துண்டைப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி, ஃப்ரீசரின் இடது மூலையில் தனியாக வைத்திருந்தேன். கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்வதாக ஏற்பாடு. ஆங்கிலேய வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் 1836-ல் ஆர்செனிக் என்ற விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை வெளியிட்டதே, முந்தைய வழக்கு ஒன்றில் அவர் எடுத்துவைத்த சாட்சியம் விசாரணைக்குள் கெட்டுப்போனதால்தான். எனக்கும் அதே கதி. திறந்து பார்த்தால் கூழ். மருத்துவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதில் எதையும் சொல்ல முடியாது என்றுவிட்டார். வழக்கு அதோடு செத்தது. ஊரில் என் பெயரும் செத்தது.

இப்போது அந்தப் பயணம். பில்லின் அசலை நேரில் காட்டினால்தான் மேற்கொண்டு பார்ப்போம் என்றீர்கள். நல்ல மழையில் இரண்டு பஸ் மாறி, நீங்கள் கொடுத்த விலாசத்துக்கு வந்தால் அங்கே தையல் கடை. தையல்காரர் என்னைப் பார்த்ததுமே, "ஃபிரிட்ஜா, வாஷிங் மெஷினா?" என்றார். தினமும் நாலைந்து பேர் இப்படி வருகிறார்களாம், நீங்கள் இடம் மாறி மாதக்கணக்காகிறதாம், புது இடம் அவருக்கும் தெரியாது. உங்கள் கம்பெனி அட்டைப்பெட்டியை வண்டியில் கட்டிப் போன ஒரு பையனைப் பின்தொடர்ந்து நானே கண்டுபிடித்தேன். உள்ளே இருந்தவர், "3 மணிக்கு வாங்க" என்றார். அப்போதே மணி இரண்டரை. சாப்பாட்டு நேரமாம். அவர் விரலில் எலுமிச்சை வாசனை, சட்டைப் பையில் எண்ணெய்த் துளி, குப்பைக்கூடையில் காய்ந்துபோன இலை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். வெளியில் நனைந்துகொண்டே நின்றேன். 3 மணிக்கு பில்லைக் கையில்கூட வாங்காமல், "இந்த மாடல் இங்க பாக்குறதில்ல" என்றார். அதை இரண்டரைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி.

தயவுசெய்து கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் கம்பெனி மிக்ஸி என்னிடம் 9 வருடமாக ஓடுகிறது, அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் இதையும் வாங்கினேன். அந்த சென்சாரை மாற்றிக் கொடுங்கள், அல்லது ஃபிரிட்ஜையே மாற்றிக் கொடுங்கள். எது வசதியோ அது. இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் ஆள் வரவில்லை என்றால், 6 நாள் நோட்டு, நாணயம் புதைந்த டம்ளரின் படங்கள், டாக்டர் சீட்டு, உங்கள் '5 நட்சத்திர' செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். தையல்காரர் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார். மொட்டைக் கடிதம் எழுதினவரைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது, அதுவரை நான் விடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் வேண்டும். உங்கள் கம்பெனித் தாளில், முத்திரையோடு, என் அக்கா மகன் பெயருக்கு ஒரு கடிதம். பெரிதாக எதுவும் வேண்டாம். ஐஸ்கிரீமை உருக்கியது எங்கள் ஹீட்டர்தான் என்று ஒரு வரி போதும். அவன் பெயரையும் முகவரியையும் ஆள் வரும்போது தருகிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: வருகிற டெக்னீஷியன் டம்ளரை வெளியில் எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். நாணயம் அடியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. புது அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். செவ்வாய் காலை 10.40-க்கு வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.