கருமபீடத்தில் உறையும் திரை: திருகோணமலையில் மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

சென்ற மாதம் நகரிலுள்ள ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வெருகலிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்த ஓர் அம்மா. பணத்தைக் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டுக்காகக் கையை நீட்டியபடி நின்றார். கருமபீடத்தில் இருந்த பிள்ளை பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்; இன்னொரு முறையும் அழுத்தினார். பிறகு திரை வெளிறிப்போனது. வரிசை முழுவதும் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்தது. ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துத் திரை உயிர்பெற்றதும் அச்சுப்பொறியிலிருந்து மூன்று பற்றுச்சீட்டுகள் வந்தன. கணக்கிலும் மூன்று பதிவுகள். அதைத் திருத்த அதிகாரம் உள்ளவர் மதியத்துக்குப் பிறகுதான் வந்தார். ஏச்சு வாங்கியவர் அந்தப் பிள்ளை. அவரில் பிழையே இல்லை. பிழை நம்முடையது, நிரல் எழுதுபவர்களுடையது.

2009 இல் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்திருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாதை அக்கரையில் லொறி ஏற்றிக்கொண்டிருந்தால், இக்கரையில் நோயாளியோடு வந்தவரும் நிற்கத்தான் வேண்டும். நம் செயலிகளிலும் திரையை வரைவதும், சுட்டியும் விசைப்பலகையும் கொண்டுவரும் செய்திகளைக் கவனிப்பதும் ஒரே இழைதான் (thread: வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஓட்டம்). பொத்தானுக்குப் பின்னால் பெரிய அறிக்கை ஒன்றைக் கணக்கிடும் வேலையையும் அதன் தலையில் ஏற்றினால், அந்த வேலை முடியும் வரை அது வேறெதையும் பார்க்காது. அதற்குள் விழுந்த அழுத்தங்கள் வரிசையில் காத்திருந்து, பின்னர் ஒவ்வொன்றாக நிறைவேறும். மூன்று பற்றுச்சீட்டுகள் வந்தது இப்படித்தான். ஐந்து விநாடி செய்திகளை எடுக்காத சாளரத்தை விண்டோஸ் 'பதிலளிக்கவில்லை' என்று அறிவித்துவிடுகிறது. தொடுகைக்கு ஐந்து விநாடிக்குள் மறுமொழி தராத செயலியை மூடவா என்று அண்ட்ரொய்டும் கேட்கிறது. மனிதரின் பொறுமை அதைவிடக் குறுகியது. பத்தில் ஒரு விநாடிக்குள் அசைவு தெரிந்தால் உடனே நடந்ததாக உணர்கிறோம்; ஒரு விநாடி தாண்டினால் எண்ண ஓட்டம் அறுகிறது; பத்து விநாடிக்கு மேல் மனம் வேறெங்கோ போய்விடுகிறது என்று 1993 இலேயே கணினிப் பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் எழுதிவைத்தார்.

ஆகவே பாரமான வேலையைப் பின்னணி இழைக்குக் கொடுங்கள். உலாவியில் என்றால், நிரலைத் தனி இழையில் ஓட்டும் வெப் வோர்க்கர் இருக்கிறது. கணக்கை ஒரு புரொமிஸுக்குள் (பிறகு வரப்போகும் விடைக்கு இடம்பிடித்து வைக்கும் பொருள்) சுற்றிவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. அந்தக் கணக்கு அதே இழையில்தான் ஓடும், திரையும் அப்படியே உறையும். விண்டோஸ் செயலிகளில் சுழலின் நடுவே, காத்திருக்கும் செய்திகளை அப்போதே கவனிக்கச் சொல்லும் டூஈவென்ட்ஸ் கட்டளையைப் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். முதல் வேலை முடியுமுன் அதே பொத்தான் அழுத்தப்பட்டால், அதே வேலை தனக்குள்ளேயே மீண்டும் தொடங்கும். பின்னணி இழையிலிருந்து திரையை நேரடியாகத் தொடவும் கூடாது. முடிவைத் திரையின் இழைக்கு அனுப்பி, அது வரையட்டும்.

பொத்தானை அழுத்திய கணமே அதை முடக்கி, 'பதிவாகிறது' என்று காட்டுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. மின்சாரம் போகும், இணைப்பு அறும், மறுபடி அனுப்புவார்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் திரும்பி வந்தால் சேவையகம் புதிதாகப் பதியாதபடி செய்யுங்கள். முன்னேற்றத்தை உண்மையாகக் காட்டுங்கள். தொண்ணூற்றொன்பதில் நின்றுவிடும் பட்டை ஒரு பொய். ஒவ்வொரு பதிவுக்கும் பட்டையை நகர்த்தினால் அதுவே வேலையைத் தாமதமாக்கும். விநாடிக்கு ஐந்தாறு தடவை போதும். நீண்ட அறிக்கைக்கு நிறுத்தும் பொத்தான் கட்டாயம் வேண்டும், அழுத்தினால் நிற்கவும் வேண்டும்.

உங்கள் புதிய மடிக்கணினியில் பத்துப் பதிவுகளை வைத்துப் பார்த்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று சொல்லாதீர்கள். ஐம்பதாயிரம் பதிவுகளை இட்டு, பழைய கணினி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, உங்கள் மென்பொருள் ஓடும் கருமபீடம் ஒன்றின் உள்ளே ஒரு மணி நேரம் உட்காருங்கள். அனுமதி கேட்கத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே நிரல் எழுத வந்த ஒருவன்
திருகோணமலை